ரயில் வந்த பிறகு பஸ் கிளம்பட்டும்

ஏலகிரி மலைக்கு பஸ் விடுகிறவர்களுக்கும், எங்கள் பக்கத்துச் சுற்றுலாவைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் குடியாத்தத்துக்காரி. எங்களிடம் கார் கிடையாது. வாங்க வசதியில்லை என்பது பாதிக் காரணம், ஓட்டத் தெரியாது என்பது மீதி. எங்கே போனாலும் ரயில், பஸ், ஷேர் ஆட்டோதான். பொங்கல் லீவுக்கு அடுத்த சனிக்கிழமை என் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஏலகிரிக்குப் போய்வந்தேன். அதனால்தான் இந்த மடல். உங்களுக்குக் கடைசிவரை படிக்க நேரம் இருக்குமோ இருக்காதோ, கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஜோலார்பேட்டையில் ரயில் வந்து பதினைந்து நிமிடம் கழித்து, ஸ்டேஷன் வாசலிலிருந்து ஏலகிரி பஸ் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வயது 71. அதுவரை படகில் ஏறியதே இல்லை. வேலூர்ப் பக்கத்து ஆளுக்குப் படகு ஏது? "மன்னன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு" என்று நம் ஊரை நாமே கிண்டல் செய்துகொள்வோமே, அந்த ஆற்றங்கரையில் பிறந்தவர் அவர். சேலத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஜோலார்பேட்டையில் ரயில் நிற்கும். ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து ஏலகிரியைப் பார்ப்பார். ஐம்பது வருடமாக அந்த மலையை அவர் பார்த்தது கீழே நின்ற ரயிலிலிருந்துதான். "ஆயாவ ஒரு தடவ போட்ல ஏத்தணும்" என்று என் மகள் பிடிவாதம் பிடித்ததால் கிளம்பினோம்.

காலை ரயிலைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராக நின்று போகும் வண்டி. உட்கார இடம் கிடைத்தது. பத்து நிமிடம் தாமதம். நம் ஊர்க் கணக்கில் அது தாமதமே இல்லை.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பஸ் போய்விட்டது. வெளியே கொய்யா விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "ஏலகிரி பஸ்ஸா? இப்பதாம்மா போச்சு" என்றார். தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற பதில் என்பது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காததிலேயே தெரிந்தது. அடுத்த பஸ் எப்போது? "வரும்." எத்தனை மணிக்கு? "வரும்மா." எத்தனை மணிக்கு என்று எழுதிவைத்த பலகை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. ஆட்டோவில் எழுநூறு ரூபாய் கேட்டார்கள். மலையேறி, காலி வண்டியாகத் திரும்ப வேண்டுமே, அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் நாங்கள் மூன்று பேரும் குடியாத்தத்திலிருந்து வந்த ரயில் டிக்கெட்டை நினைத்துப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை.

ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றோம்.

வெயிலைப் பற்றி எழுதப்போவதில்லை, தை மாத வெயில் தாங்கக்கூடியதுதான். நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையை வாயில் போட்டு ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னும் குடிம்மா" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மறுபடி நீட்டினேன், கோபம் வந்துவிட்டது. அப்புறம் மகளுக்குக் கேட்காதபடி என் காதோரம் சொன்னார்: "குடிச்சா போவணும்டி. நான் அந்தாண்ட போற நேரம் பாத்து பஸ் வந்துட்டா இன்னா பண்றது?"

பஸ் பத்து மணிக்கு என்று தெரிந்திருந்தால் ஒன்பதரைக்குப் போய்விட்டு வந்திருப்பார். பதினொன்றுக்கு என்று தெரிந்திருந்தால் நிம்மதியாக ஒரு டீகூடக் குடித்திருப்பார். எப்போது என்றே தெரியாததால், காலை ஏழு மணியிலிருந்து மலை உச்சியில் இறங்கும்வரை அந்த ஒரு மடக்குதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். உங்கள் கால அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

இதே ஜோலார்பேட்டையிலிருந்துதான் 2019 ஜூலையில் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. ஐம்பது வேகன், ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர். ரயில்காரர்களும் குடிநீர்க்காரர்களும் உட்கார்ந்து பேசி, குழாய் போட்டு, வண்டியை நிறுத்தி, நிரப்பி அனுப்பினார்கள். எங்கள் தண்ணீரைக் கொண்டுபோனார்கள் என்ற வருத்தம் ஒருபக்கம் இருக்கட்டும். ஆனால் வேண்டுமென்றால் இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேசும் என்பதை அந்த ஸ்டேஷனில்தான் பார்த்தோம். அங்கேயே என் அம்மா தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தாகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பஸ் வந்தபோது அதன் நடத்துநரிடம் கேட்டேன், ரயிலுக்காகப் பத்து நிமிடம் நிற்கக்கூடாதா என்று. நல்ல மனிதர். "ரயில் லேட்டுன்னு எங்களுக்கு யாரும்மா சொல்றாங்க? நின்னா டைமிங் போயிடும், டிப்போல கேப்பாங்க" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. நிற்கச் சொல்லி அவருக்கு உத்தரவு இல்லை, நின்றால் கேள்வி மட்டும் உண்டு. அந்த உத்தரவைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

மேலே ஏறும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறீர்கள். என் மகள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். பாரி வந்தபோது, "முல்லைக்குத் தேர் குடுத்தாரே, அவரா?" என்று கேட்டாள். அவரேதான். ஒரு கொடி சாய நாதியில்லாமல் நின்றது என்று தேரையே விட்டுவிட்டு நடந்துபோனவர். அவர் பெயரை வளைவில் எழுதிவைத்தவர்களால் ஒரு கிழவிக்காக பஸ்ஸைப் பத்து நிமிடம் நிறுத்த முடியவில்லை. கொஞ்சம் காரமாகத்தான் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் எழுதியதை அடித்துவிடப் போவதில்லை.

புங்கனூர் ஏரியில் படகு ஏறினோம். வரிசை நீளம், படகில் இருந்த நேரம் குறைவு. அம்மா கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்துகொண்டே வந்தார். "தண்ணி மேல உக்காந்தா பாரமே தெரியல" என்றார். அவ்வளவுதான் பேசினார். இறங்கிய பிறகு அரை லிட்டர் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தார்.

இறங்கும் கதையைச் சுருக்கிவிடுகிறேன். சாயங்கால பஸ்ஸும் சாயங்கால ரயிலும் காலையில் நடந்ததைப் போலவே ஒன்றையொன்று பார்க்காமல் போய்ச்சேர்ந்தன. வீட்டுக்கு வரும்போது இரவு பத்தரை.

என் அண்ணன் மகன் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். போன வருடம் ஆறு மாதம் சுவிட்சர்லாந்தில் இருக்கும் சூரிக் நகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். காட்பாடியில் ரயிலைத் தவறவிடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிகி என்ற மலைக்குத் தனியாகப் போய்வந்து, வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டினான். லூசர்ன் ஊரில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. படகு ஃபிட்ஸ்னாவ் என்ற ஊரில் கரையில் ஒதுங்குகிறது. கரையேறி ரோட்டைத் தாண்டினால் மலை ரயில் நிற்கிறது. பல்சக்கரம் வைத்து ஏறுகிற ரயில், 1871இல் போட்ட பாதை. உச்சி 1,798 மீட்டர். இறங்கும்போது பாதி மலையிலிருந்து கேபிள் கார், பிறகு மறுபடி படகு. கார் என்ற பேச்சே இல்லை. டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுற்றும், அதை நான் இங்கே கேட்கவில்லை.

மலையும் பனியும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. படகு வந்து நின்றதும் ஆட்கள் ஓடாமல் நடந்துபோனார்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ரயில் தங்களை விட்டுவிட்டுப் போகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ரகசியம் ஒன்றும் இல்லை என்றான் அவன். 1982இலிருந்து நாடு முழுக்க ஒரே முறையில் நேரம் வகுத்திருக்கிறார்களாம். பெரிய சந்திப்புகளுக்கு எல்லாப் பக்கத்து ரயில்களும் கடிகாரத்தில் ஒவ்வொரு மணியும் ஆவதற்குச் சற்று முன் வந்துசேரும், ஆட்கள் மாறிக்கொண்டதும் சற்றுப் பின் கிளம்பிப் போகும். பஸ்ஸும் அதை அனுசரித்தே ஓடும். வெங்கன் மாதிரி சில மலையூர்களுக்குக் காரே விடுவதில்லை, கீழேயே நிறுத்திவிட்டு ரயிலில் ஏற வேண்டியதுதான்.

"அது சுவிட்சர்லாந்து, இது ஜோலார்பேட்டை" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சரி, அவ்வளவு தூரம் போக வேண்டாம். மும்பை பக்கத்தில் மாத்தேரான் என்ற மலையூர் இருக்கிறது. அடிவாரத்து நேரல் ஊரிலிருந்து 1907இல் போட்ட குட்டி ரயில், காரெல்லாம் ஊருக்கு வெளியே தஸ்தூரியில் நின்றுவிடும். அதுவும் தூரமா? மேட்டுப்பாளையத்திலிருந்து 1908இல் ஊட்டிவரை போன ரயிலுக்குப் பல்சக்கர நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்துதான் வந்தன. இன்ஜினையே கொண்டுவர முடிந்தது நம்மால். பதினைந்து நிமிடத்தை மட்டும்தான் இன்னும் இறக்குமதி செய்யவில்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பி எங்கே வந்து நின்றது? நம் வாலாஜா ரோட்டில். அன்றிலிருந்து வடாற்காட்டுக்கு ரயில் வந்துகொண்டிருக்கிற செய்தி பஸ்ஸுக்கு எப்போது எட்டும்?

சோளிங்கரையும் இங்கே சொல்லியாக வேண்டும். யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படி. 2024இல் ரோப் கார் வந்தது, அம்மா மாதிரி முட்டிவலிக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் சோளிங்கர் என்று பலகை பார்த்து ரயிலிலிருந்து இறங்கினால் அங்கே சோளிங்கர் இல்லை, பாணாவரம்தான் இருக்கிறது. ஊருக்கு இன்னும் பல கிலோமீட்டர் போக வேண்டும். படியேறும் கஷ்டம் தீர்ந்தது, படிக்கட்டுக்குப் போய்ச்சேரும் கஷ்டம் அப்படியே இருக்கிறது. ரயில் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, படகு இருக்கிறது. பூவெல்லாம் இருக்கிறது, கட்டுவதற்கு நார் இல்லை.

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு குழப்பம். என் சின்ன வயதில் எல்லாம் ஒரே வடாற்காடு. 1989இல் இரண்டானது, 2019இல் வேலூரை மூன்றாக்கினார்கள். இப்போது நான் இருப்பது வேலூர் மாவட்டம், ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம், சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டம். மலை எதுவும் நகரவில்லை, மனு போட வேண்டிய மேசைதான் நகர்ந்துவிட்டது.

லீவு நாளில் அந்தப் பதினான்கு வளைவிலும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு மருந்தாக ரோட்டை அகலப்படுத்தலாம், பார்க்கிங் கட்டலாம் என்றுதான் எப்போதும் பேச்சு. அந்த மலையில் பரம்பரையாக நிலம் உழுது வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களுக்கு (கேரளத்துக்காரர்கள் இல்லை) எங்கள் பார்க்கிங்கால் என்ன லாபம்? ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால் பத்துப் பதினைந்து கார் கீழேயே நிற்கும். பத்திரிகையில் எழுதும்போதெல்லாம் ஏலகிரியை "ஏழைகளின் ஊட்டி" என்கிறீர்கள். கார் உள்ள ஏழைகளைத்தான் சொல்கிறீர்கள் போலிருக்கிறது.

பேச்சு எங்கேயோ போய்விட்டது. கேட்க வந்ததற்கு வருகிறேன்.

ஏலகிரிக்கு ரோப் கார் கேட்கவில்லை, மலை ரயில் கேட்கவில்லை. கூடுதல் பஸ்கூட இப்போதைக்கு வேண்டாம். இருக்கிற பஸ், ரயில் வந்து பதினைந்து நிமிடம் கழித்துக் கிளம்பட்டும். ரயில் தாமதம் என்றால் ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போகட்டும், நிற்கிற நடத்துநரை யாரும் கேள்வி கேட்க வேண்டாம். சாயங்காலக் கடைசி பஸ், ரயிலுக்கு அரைமணி முன்னதாகவாவது கீழே வந்துசேரட்டும். இரண்டின் நேரத்தையும் தமிழில், பெரிய எழுத்தில், கண்ணாடி போட்ட கிழவி படிக்கிற அளவில் வாசலில் எழுதி வையுங்கள். முதலில் சனி, ஞாயிறு மட்டும் மூன்று மாதம் செய்து பாருங்கள். ஆள் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், மறுபடி மடல் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அம்மாவுக்கு இன்னொரு தடவை போக வேண்டுமாம். இந்தத் தடவை சித்தியையும் சேலத்திலிருந்து வரச்சொல்லியிருக்கிறார், வைகாசியில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ஜோலார்பேட்டையில் சந்திப்பதாகத் திட்டம். சித்திக்கும் சர்க்கரை உண்டு. பஸ் எத்தனை மணிக்கு என்று அதற்குள் தயவுசெய்து தெரியப்படுத்தினால், இரண்டு பேருக்கும் சொல்லிவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
குடியாத்தத்துப் பயணி ஒருத்தி