பூச்சந்தைப் பாட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் கொண்ட அனைவருக்கும் வணக்கம்.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைப் பற்றி நாங்கள் வெளியிட்ட தனிப்பாடல் இன்று ஷேர் ஆட்டோக்களிலும் மினி பேருந்துகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஒலிக்கிறது. பாராட்டுகள் பெரும்பாலும் மெட்டமைத்துப் பாடிய என்னைத் தேடியே வருகின்றன. அது நியாயமில்லை. இந்தப் பாட்டை மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் அதன் கொட்டு. அந்தக் கொட்டுக்கு உரியவர்கள் வேறு. எல்லோருடைய பெயர்களும் பாடலின் விவரக் குறிப்பில் இருக்கின்றன. பெயரைப் படித்தவர்களுக்கு அவர்கள் செய்த வேலையும் தெரிய வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த உறுமிக் கலைஞர்களுக்கும் பறைக் கலைஞர்களுக்கும் முதல் நன்றி. இக்காலத்தில் பாட்டுப் பதிவு செய்பவர்கள், கணினி தட்டும் சீரான ‘டிக் டிக்’ தாள ஒலியைக் காதில் கேட்டபடியே வாசிக்குமாறு கலைஞர்களிடம் சொல்வது வழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்து, கொட்டு முற்ற முற்ற வேகத்தைக் கூட்டிப் பழகிய கைகள் அந்த ஒலிக்குள் அடங்கவில்லை. குழுவின் மூத்தவர், தாங்கள் முதலில் வாசித்துவிடுவதாகவும் மற்றவர்கள் தங்களைத் தொடர்ந்து வரட்டும் என்றும் அமைதியாகச் சொன்னார். அந்தச் சொல்லில்தான் பாட்டு பிறந்தது என்பேன். வளைந்த குச்சி உறுமியின் தோலைத் தேய்க்கும்போது எழுகிற அந்த விம்மல், கணினியில் வாங்கிப் போடுகிற எந்தத் துண்டு ஒலியிலும் கிடைக்காது.

இதனால் மிகுந்த சிரமத்துக்கு உள்ளானவர் எங்கள் ஒலிப்பதிவாளர். பறையின் வேகம் எங்கெங்கே ஏறுகிறது, எங்கே தணிகிறது என்பதை ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக, அதாவது தாளத்தின் ஒவ்வொரு சுற்றாகக் குறித்து, கணினியின் தாளக் கணக்கை அதற்கேற்ப மாற்றி அமைத்து, கீபோர்டும் பேஸ் கிதாரும் அந்த ஓட்டத்தோடு இசைந்து போகும்படி செய்தவர் அவர்தான். கலைஞனின் கையைக் கணினிக்காகத் திருத்தாமல், கணினியைக் கலைஞனுக்காகத் திருத்திய அவருடைய பொறுமையை நான் என்றும் மறக்க மாட்டேன்.

நாகமலை புதுக்கோட்டையில் பாட்டைப் பதிவு செய்ய எங்களுக்கு மாடி அறையைக் கொடுத்த குடும்பத்தாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியை அடக்க மெத்தைகளும் சமுக்காளங்களும் அவர்கள் வீடுகளிலிருந்தே வந்தன. மழை பெய்த நாள்கள் அவை. ஈரக்காற்றில் பறையின் தோல் தளர்ந்துவிடும். தீயில் காய்ச்சி முறுக்கேற்றினால்தான் கணீரென்று ஒலிக்கும். மொட்டை மாடியில் வைக்கோல் மூட்டித் தோல் காய்ச்ச அவர்கள் மனமுவந்து இடம் கொடுத்தார்கள்.

நாதஸ்வரம் வாசித்த பெரியவருக்கு என் வணக்கம். நீளமான வகையான பாரி நாதஸ்வரத்தின் சுருதி இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் நிற்பது. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. பாடகரின் வசதிக்காக அதை ஏற்றவோ இறக்கவோ இயலாது. அவருடைய கருவி இரண்டரைக் கட்டை. நான் மெட்டமைத்ததோ ஒரு கட்டையில். வாசித்ததைக் கணினியால் கீழே இறக்கிவிடலாம். இறக்கினால் நாதத்தின் கூர்மை போய்விடும். ஆகவே பாட்டையே உயர்த்தினோம். அந்த உயரத்தில் குரல் பிசிறாமல் நிற்க, விடியற்காலைதோறும் எனக்கு ‘ஆ’ என்று நீட்டிப் பாடும் அகாரப் பயிற்சி தந்த சிம்மக்கல் பாட்டு ஆசிரியைக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாடலை எழுதிய தோழர், பூக்கட்டும் தொழிலாளி ஒருவரின் மகன். அரும்பு, உதிரி, முழம், பந்து என்று சந்தையில் புழங்கும் சொற்களையே பல்லவியாக்கினார். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்த மல்லியை இருட்டோடு பறித்துக் கொண்டுவருகிறவர்களைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்பது அவருடைய ஆசை. காணொளிப் பதிவுக்கு இடம் தந்த பூ வியாபாரிகளுக்கும் சுமை தூக்கும் தோழர்களுக்கும் நன்றி. முகூர்த்த நாள்களைத் தவிர்த்துப் படப்பிடிப்பை வைக்கச் சொன்னதே அவர்கள்தாம்.

வெளியீட்டைப் பற்றிச் சொல்லும்போது, கீழவாசலைச் சேர்ந்த வழக்கறிஞர் சகோதரியை நினைக்காமல் இருக்க முடியாது. முழு உரிமையையும் ஒரே தொகைக்கு வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தபோது, அவர் எங்களை உட்கார வைத்துச் சட்டத்தை விளக்கினார். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பாட்டு பயன்படும்போதெல்லாம் தமக்கு வரவேண்டிய ராயல்டி பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. இந்தப் பாதுகாப்பு எங்கள் இருவருக்கும் இருந்தது. கருவி வாசித்தவர்களுக்கோ பதிவு நாளின் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடுவதே நடைமுறை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. ‘குழுவினர்’ என்ற ஒரு சொல்லோடு போய்விடுகிறது. ஒலிப்பதிவின் வருமானத்தில் வாசித்த ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு என்று அச்சகோதரி தமிழிலேயே ஒப்பந்தம் எழுதி, கையெழுத்துக்கு முன் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்துக் காட்டினார். ஒரு ரூபாயும் கட்டணமாகப் பெறவில்லை.

பாட்டை இணைய இசைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் விநியோகத் தளத்துக்கான படிவங்களை நிரப்பிய தங்கை, ஒவ்வொரு கலைஞரையும் தொலைபேசியில் அழைத்து, இனிஷியலையும் எழுத்துகளையும் சரிபார்த்த பிறகே பெயர்களைப் பதிந்தாள். ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் பன்னிரண்டு எழுத்துக் குறியீடான ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையும் சரியாகச் சேர்த்தாள். வெளியே தெரியாத இந்த வேலை பிசகினால் பணமும் பெயரும் வேறிடம் போய்விடும்.

பாட்டை ஊரெங்கும் கொண்டு சேர்த்த மைக் செட் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், பேண்ட் வாத்தியக் குழுக்கள், விடுதிகளில் ஆடிப் பதிவிட்ட மாணவ மாணவியர் அனைவருக்கும் நன்றி. விளம்பரத்துக்குச் செலவழிக்க எங்களிடம் பணம் இருக்கவில்லை.

தளங்களிலிருந்து வரும் தொகை மாதங்கள் கழித்தே கைக்கு வரும். வந்தவுடன் கணக்கின் நகலும் பங்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சேரும். கணக்கில் ஐயம் இருப்பவர்கள் தயக்கமின்றி என்னையோ வழக்கறிஞர் சகோதரியையோ கேட்கலாம்.

நன்றியுடன்,
பாடலின் இசையமைப்பாளரும் பாடகனும்,
மதுரை.