கோலா படம் போதும், மாட்டுக்காரரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆஸ்திரேலியக் காட்டுத்தீ பற்றி நம் நாளிதழ்களில் செய்தி வந்தால் கையில் கட்டுப்போட்ட கோலாவின் படம் கட்டாயம் இருக்கும். சரி, இருக்கட்டும். அந்தக் காட்டை ஒட்டி மாடும் செம்மறியும் வளர்ப்பவர்களைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்த நான், விக்டோரியா மாநிலத்தின் கிழக்கு கிப்ஸ்லாந்தில் வேலை பார்க்கிறேன். 2019-20 கோடையில் இந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 15 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. புக்கன், சார்ஸ்ஃபீல்டு பக்கம் பல பண்ணைகளுக்கு வீடும் போயிற்று, வேலியும் போயிற்று.

தீ கடந்து போனதும் எங்களுக்கு முதல் வேலை குளம்பையும் மடியையும் பார்ப்பது. மாடு நிற்கிறதே என்று நம்பிவிட முடியாது. வெந்த குளம்பு சில நாள் கழித்துக்கூடக் கழன்று வரும். தேறாது என்று நாங்கள் சொன்னால் சுட வேண்டியதுதான். பலர் அதை எங்களிடம் விடமாட்டார்கள். “என் மாடு, நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று துப்பாக்கியோடு போவார்கள். புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்றாகவும் இருக்கும் அது. அப்புறம் பொக்லைன் வந்து குழி வெட்டும். அன்று மதியமே தேநீர்க் கோப்பையோடு நின்று என்னிடம் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்த வாரங்களில் யாரும் உடைந்து நான் பார்த்ததில்லை, வேலை விடாது. மிஞ்சிய மாடுகள் சாலைக்கு ஓடும், வைக்கோல் லாரி வரும், காப்பீட்டுக்காரர் வருவார். புல் மறுபடி பச்சையாகி, வந்தவர்கள் எல்லாரும் ‘பரவாயில்லை, தேறிவிட்டார்கள்’ என்று கிளம்பிய பிறகுதான் தூக்கம் போகும். வடக்கிலிருந்து அனல்காற்று அடித்தால் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாமல் மேட்டில் போய் நிற்பார்கள். அவர்கள் மனைவி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். இதே மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 தீயில் 173 பேர் இறந்தார்கள். அந்த ஊர்களை மெல்போர்ன் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. பெரும்பாலோர் மீண்டுவிட்டார்கள். ஆனால் மிக மோசமாக எரிந்த ஊர்களில் பத்து ஆண்டு கழித்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருந்தது.

அரசு சும்மா இருந்தது என்று சொல்லமாட்டேன். மருத்துவர் சீட்டு இல்லாமலே பத்து முறை மனநல ஆலோசனை பெறலாம் என்று 2020 ஜனவரியில் வழி செய்தார்கள். ஆனால் எங்கள் ஊர் ஆள் அந்தக் கதவைத் தட்டத் தயங்குவார். வாசலில் நிற்பது யார் வண்டி என்று ஊருக்கே தெரியுமே!

அவர்களைப் பேசவைத்தது வேலி வேலைதான். 2009 தீயில் தங்கள் வேலியைப் பறிகொடுத்த ஒரு விவசாயத் தம்பதி தொடங்கிய ‘பிளேஸ்எய்டு’ அமைப்பு, தன்னார்வலர்களைக் கூட்டிவந்து எரிந்த ஊர்களில் முகாம் போடுகிறது. வருபவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய. எரிந்த கம்பியைச் சுருட்டி எடுத்து, புதுக் கம்பம் நட்டு, கம்பி இழுப்பார்கள். ஒரு முனையில் பண்ணைக்காரர், மறுமுனையில் முன்பின் தெரியாத ஒருவர். முகத்தைப் பார்க்காமல் பேசலாம். சுட்ட மாட்டைப் பற்றிய பேச்சு அங்கேதான் வரும், அதுவும் ஓரிரு வாக்கியம். பெரிய மருத்துவம் என்று இதைச் சொல்லவில்லை. மருந்து தேவைப்படுபவருக்கு மருந்துதான் வேண்டும். ஆனால் மருத்துவரிடம் போகலாம் என்ற எண்ணமே சிலருக்கு அந்த வேலி ஓரத்தில்தான் வந்தது.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. என் மனைவியின் ஊர் பேராவூரணி. 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளின் படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. அடுத்த ஆண்டு அந்தத் தோப்புக்காரர்கள் ராத்திரி தூங்கினார்களா என்று எழுதியதை நான் படித்ததாக நினைவில்லை. பேரிடர் நடந்து ஓராண்டு கழித்து அதே ஊருக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். போகிறவர் பேட்டி என்று ஆரம்பிக்காமல், முதலில் கூடமாட ஒரு வேலை செய்யட்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
கிழக்கு கிப்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா
(இங்குள்ள பண்ணைக்காரர்களை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)