மூளைக்குள் போகாத மருந்துக்கு நிதி வேண்டாம்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், மருந்து ஆய்வுகளுக்கு நிதி பரிந்துரைக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் அறியப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பகுதியில். இன்றுவரை அதற்கென அனுமதி பெற்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஒன்றுகூட இல்லை. தடுப்பூசி உண்டு. ஆனால் வலிப்போடு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைக்கு வலிப்பை நிறுத்துவதும் மூளை வீக்கத்தைக் குறைப்பதும்தான் இப்போதைக்கு வழி. நோய் கண்டவர்களில் 100-க்கு 20 முதல் 30 பேர் இறக்கிறார்கள். பிழைப்பவர்களிலும் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு நரம்புக் குறைபாடு தங்கிவிடுகிறது.

முயற்சி நடக்காமல் இல்லை. தாய்லாந்தில் வீக்கம் குறைக்கும் டெக்சாமெத்தசோன், வியட்நாமில் வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, உத்தரப் பிரதேசத்தில் வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரிபாவிரின் என மூன்றையும் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள்; மூன்றிலும் பலன் தெரியவில்லை. கடைசி இரண்டும் ஆய்வகத் தட்டில் இந்த வைரஸை அடக்கியவைதான். தட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே எது தவறுகிறது என்று பார்த்த பிறகே அடுத்த ரூபாயை ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதல் கோளாறு, மருந்து தொடங்கும் நேரம். கொசு கடித்து 5 முதல் 15 நாள் கழித்தே காய்ச்சல் வருகிறது. நினைவு தடுமாறும்போது வைரஸ் இரத்தத்தை விட்டு ஏறக்குறைய நீங்கி, நரம்பணுக்களுக்குள் பெருகிக்கொண்டிருக்கும். ஆனால் சுண்டெலிச் சோதனைகள் பலவற்றில் வைரஸ் செலுத்திய அன்றோ மறுநாளோ மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். எலி பிழைக்கிறது, கட்டுரையும் வெளியாகிறது. அந்தச் சோதனை காட்டுவது வைரஸ் மூளையை எட்டாமல் தடுத்ததை. நமக்கு வேண்டியதோ எட்டிய பிறகு அடக்குவது. ஆகவே விண்ணப்பத்தில் ஒரு குழு எலிகளுக்காவது முடி சிலிர்ப்பு, எடை இறக்கம், பின்னங்கால் தளர்ச்சி தெரிந்த பிறகே முதல் டோஸ் தரப்பட வேண்டும். அந்தக் குழு இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது, இரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் எளிதில் போகாதபடி காக்கும் மூளைத் தடுப்பு. இரத்த நாளச் சுவரில் உள்ள பி-கிளைகோபுரோட்டீன் என்ற பம்ப், உள்ளே நுழையும் பல மருந்துகளை அப்படியே வெளியே தள்ளிவிடும். எனவே எலியின் மூளையில் மருந்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இதயத்தின் வழியே உப்புநீர் செலுத்தி, இரத்தத்தைக் கழுவிய பிறகே மூளையை எடுக்க வேண்டும். கழுவாமல் எடுத்தால் நாளங்களில் நிற்கும் இரத்தத்தின் மருந்தும் சேர்ந்துகொண்டு, உள்ளே போகாத மருந்து போனதுபோலத் தோன்றும். நோய் முற்றிய எலியில் தடுப்பு தானாகவே கசியும் என்பதால், நோயில்லாத எலியின் அளவும் கூடவே வேண்டும். மொத்த அளவு போதாது. புரதத்திலும் கொழுப்பிலும் ஒட்டாமல் மிஞ்சும் மருந்துதான் வேலை செய்யும். செல்லில் வைரஸை 90 விழுக்காடு அடக்கும் செறிவுக்கு மேல், அடுத்த டோஸ் வரை அது நிற்கிறதா என்பதே கேள்வி.

குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வெரோ செல்களில் மட்டும் சோதித்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். ஹெபடைட்டிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிர் போன்றவை செல்லுக்குள் மூன்று பாஸ்பேட் ஏறினால்தான் வேலை செய்யும். வெரோவில் அது சரியாக நடப்பதில்லை, நல்ல மருந்தும் தோற்றதாகத் தெரியும். மலேரியா மருந்தான குளோரோகுயின் வகையறாவோ வெரோவில் ஜோராக வேலை செய்யும். கொரோனா நோயாளிகளிடம் அது பலிக்காமல் போனது எல்லோருக்கும் தெரிந்ததே. மனித நரம்பணுக்களிலும் சோதனை கட்டாயமாக வேண்டும்.

மருந்து மூலக்கூறு வைரஸ் புரதத்தில் பொருந்துகிறதா என்று கணினியில் பார்க்கும் ‘டாக்கிங்’ மட்டும் செய்துவிட்டு ‘மூலிகையில் மருந்து கண்டுபிடிப்பு’ என்று செய்தி கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மஞ்சளில் உள்ள குர்குமினும் வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினும் கண்ணில் பட்ட புரதத்தையெல்லாம் முடக்குவதுபோல் காட்டும். சோதனைக் கலவையில் டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளை 0.01 விழுக்காடு சேர்த்துப் பாருங்கள். மூலக்கூறுகள் ஒன்றாகத் திரண்டு புரதத்தில் ஒட்டுவதால் வந்த பலன் என்றால் அதிலேயே மறைந்துவிடும்.

மருத்துவமனைப் பக்கமும் தயாராக வேண்டும். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு ஏசைக்ளோவிர் உயிர் காப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், சந்தேகம் வந்ததுமே தொடங்குவது. (ஹெர்பிஸின் சொந்த நொதிதான் அந்த மருந்தை முடுக்கிவிடுகிறது, ஜப்பானிய வைரஸில் அந்த நொதி இல்லை, அதனால் ஏசைக்ளோவிர் இங்கே உதவாது.) புது மருந்தையும் அப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் நோயெதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் எலிசா பரிசோதனை முதல் சில நாள் பொய்யாக ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். இதேபோன்ற அறிகுறிகளோடு வரக்கூடிய பாக்டீரியாக் காய்ச்சலான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளும் உள்ளே கலந்துவிட்டால் மருந்தின் பலன் கரைந்துபோகும். ஆகவே எல்லோருக்கும் தொடங்கி, பின்னர் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று உறுதியானவர்களைத் தனியே கணக்கிடும் திட்டத்தை, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

இப்படி நோயை உறுதிசெய்வதற்குச் சென்னையில் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் முறை முதுகுத்தண்டிலிருந்து மூளைத் தண்டுவட நீர் எடுக்கும்போதே அரை மில்லியைத் தனிக் குழாயில் பிரித்து, பனிக்கட்டிப் பெட்டியில் அன்றே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பி மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். ஒருமுறை உருக்கி மறுபடி உறைய வைத்தால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதையும், எனவே சிறு பங்குகளாகவே வைக்க வேண்டும். 7 முதல் 10 நாளில் இரண்டாவது இரத்த மாதிரியும் அதே எண்ணோடு சேர வேண்டும். இதற்கான சுற்றறிக்கையை அடுத்த மழைக்காலத்துக்கு முன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சென்னையில் பணிபுரியும் வைரஸ் ஆய்வாளர்களும் மருந்தியலாளர்களும்