தரங்கம்பாடியின் கதையைத் தரங்கம்பாடியிலேயே பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பொறையாரில் இருப்பவன். தரங்கம்பாடி கோட்டைக்கு சைக்கிளிலேயே போய்வந்து வளர்ந்தவன். அப்பா பத்திர எழுத்தராக இருந்ததால் பழைய காகிதம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஈர்ப்பு உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

சில மாதங்களுக்கு முன் தரங்கம்பாடி வரலாறு பற்றிச் சொற்பொழிவு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மீனவர் தெருவிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சு எங்கள் ஊரைப் பற்றி, ஆனால் நடந்தது வேறு ஊரில், ஒரு குளிர்சாதன அரங்கில், முழுக்க ஆங்கிலத்தில். பேசியவர் ஆழ்ந்து படித்தவர், அதில் சந்தேகமே இல்லை. நடுவில் திரையில், தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்கள் (டென்மார்க் நாட்டவர்) காலத்து வரைபடம் ஒன்றைப் போட்டார். பெரியவர் என் கையைப் பிடித்து, "தம்பி, மாசிலாமணிநாதர் கோயில் இதுல எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். காட்டினேன். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த தரையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு கரை இருந்துச்சா! எங்க தாத்தா அங்கதான் வலை காயப் போட்டதா சொல்லுவாரு, நான் நம்பவே இல்ல" என்றார். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது, முன்பக்கத்தைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. அந்தக் கரையைப் பற்றித் தாத்தா வழியாகக் கேட்ட ஒரு மனிதர் அரங்கிலேயே உட்கார்ந்திருந்தார், ஆனால் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வி நேரமும் ஆங்கிலத்திலேயே போய் முடிந்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் அவர் அந்த வரைபடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊரைப் பற்றிய காகிதங்களில் முக்கியமானவை பலவும் எங்கள் ஊரில் இல்லை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1777 முதல் 1845 வரைக்குமான டேனிஷ் ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில். அங்கெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். கோட்டையைப் பழுதுபார்க்க உதவிய ஆர்வலர்கள் கூட டென்மார்க்கில் சங்கம் வைத்திருக்கிறார்கள். காகிதம் அங்கேயே இருக்கட்டும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற பேச்சாவது இங்கே வர வேண்டாமா?

ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1712-லிருந்து 1714 வரை, இங்கிருந்த மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் பதில் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சாமி, சடங்கு, கல்யாணம், வைத்தியம் என்று தங்கள் வாழ்க்கையைத் தாங்களே விளக்கி எழுதிய 99 கடிதங்கள். பலவற்றை எழுதியவர் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜெர்மன் மொழிபெயர்ப்பாக அவை ஹாலேயில் அச்சாயின, இன்று நமக்கு மிஞ்சியிருப்பதும் அந்த ஜெர்மன் வடிவம்தான். முந்நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் பேசியதை, தரங்கம்பாடி ராஜ வீதியில் ஒரு சாயங்காலம் யாராவது தமிழில் வாசித்துக் காட்டினால் எப்படி இருக்கும்! அந்த மிஷனரிகள் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடிக்கக் காகிதம் போதாமல் போய், எங்கள் பொறையாரிலேயே காகிதப் பட்டறை போட்டார்கள் என்பது என் பையனுக்கு நான் சொல்லித்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிய விழா இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு பேச்சு போதும். பேச வருகிறவர் ஒரே ஒரு ஆவணத்தின் நகலை எடுத்து வரட்டும், அதை வரிவரியாகப் படித்துக் காட்டட்டும், பாதி நேரத்தை ஊர்க்காரர்களுக்கு விட்டுவிடட்டும். தேதி வைக்கும்போது கடலுக்குப் போகிறவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்போது கூப்பிட்டால் ஆள் வரும்.

ஆவணக் காப்பகத்துக்கு ஆதரவாளர்கள் வேண்டும் என்று சொல்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். போன வருடம் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு பார்த்தேன். சணலால் கட்டியது, ஓரமெல்லாம் செல்லரித்துப் போயிருந்தது. மேல் தாளில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரை. யாரோ வீட்டை இடிக்கும்போது எடைக்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கிவந்து பிரித்தால் குத்தகைச் சீட்டுகள். மா, குழி என்று நில அளவு, எல்லை சொல்லும் இடத்தில் ஒரு புளியமரம், கீழே கைநாட்டு, அந்தக் கைநாட்டு இன்னாருடையது என்று எழுதியவரின் கையெழுத்து. இதற்கு மதிப்பு உண்டு என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொன்னதில்லை, அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26-ல் பட்டா, ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ என்று எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்த ஜனங்கள் எங்கள் பக்கத்து ஜனங்கள். காகிதத்தின் அருமை அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தாத்தாவின் பழைய சீட்டும் அதில் சேர்த்திதான் என்று ஒரு பேச்சில் கேட்டுவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு அவர்களே மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். வாங்கிப் படம் பிடித்து, விவரம் எழுதிக்கொண்டு, அவர்களிடமே திருப்பிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் தொல்லியல் துறையும் பக்கத்துக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் சேர்ந்து இதை ஆரம்பித்துவைக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இடம், நாற்காலி, மைக் செட், டீ எல்லாம் இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் குத்தகைச் சீட்டுக் கட்டையும் அப்பாவின் டிரங்குப் பெட்டியையும் முதல் கூட்டத்துக்கு நானே கொண்டு வருகிறேன். பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அந்த வரைபடத்தை மட்டும் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொறையார், மயிலாடுதுறை மாவட்டம்