"மினிபஸ் போட்டுதோ?"

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுகதைகளைச் சொந்தக் காசில் சின்னப் புத்தகமாக அடித்து, நானே மடித்துத் தைத்து, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் நான். ஒரே கதையைப் பல விதமாக எழுதிப் பார்ப்பேன். பஸ்சுக்கு நிற்கிற அம்மம்மாவின் கதை முதலில் 1800 சொல், வெட்டி வெட்டி இப்போது 400. அவ ஏன் அழுதா என்று விளக்கிய கடைசிப் பந்தியைத் தூக்கிவிட்டு, பைக்குள் நசிந்த மாம்பழம் சேலையில் ஊறுவதோடு விட்டேன், கதை எழும்பி நின்றது.

சரி, விஷயம் இதுதான். அந்தக் கதையை வெளியிட்ட ஒரு பத்திரிகை, "என்ன பிள்ளை, மினிபஸ் போட்டுதோ?" என்பதை "என்னம்மா, சிற்றுந்து சென்றுவிட்டதா?" என்று திருத்திவிட்டது. எந்த அம்மம்மா இப்படிக் கேட்பா? கதைகளில் வரும் பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என்று பழித்து ஈழத்து இலக்கிய உலகில் 1960களில் நடந்த சண்டை ஓய்ந்தும், திருத்துகிற பேனை ஓயவில்லை. எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், நன்றியோடு வாங்கிக்கொள்வேன். மேற்கோள் குறிக்குள் கைவைக்க முதல் எழுதினவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கொக்குவில்