எலி என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில் 'புற்றுநோயை விரட்டும் காராமணி' என்று ஒரு செய்தி வந்தது. அன்று சாயங்காலமே கீழ்வீட்டு அக்கா இரண்டு கிலோ காராமணிப் பையோடு என் வாசலில் நின்றார். அவருடைய அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய். வேகமாகப் பரவக்கூடிய ட்ரிபிள் நெகட்டிவ் வகை, கீமோ நடக்கிறது. "தினமும் சுண்டல் பண்ணிக் கொடுத்தா கீமோவை நிறுத்திடலாமா டீச்சர்?" என்றார். முப்பது வருடம் உயிரியல் நடத்தியவளுக்கு அந்த நிமிடம் வார்த்தையே வரவில்லை.

செய்தியைக் கடைசி வரை படித்தால் விஷயமே வேறு. மருந்தாகச் சோதிப்பது பயறை இல்லை. காராமணிச் செடியைத் தாக்கும் தேமல் வைரஸை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் நிக்கோல் ஸ்டைன்மெட்ஸ் குழுவினர் பல வருடமாக இதில் இருக்கிறார்கள். வைரஸைச் செடியில் பெருக்கிப் பிரித்தெடுத்து, கட்டிக்குள்ளேயே ஊசியாகச் செலுத்துகிறார்கள். நம் உடலில் அது பெருகாது. ஆனால் யாரோ அந்நியன் நுழைந்துவிட்டான் என்று நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே ஓடி வருகின்றன. வந்த இடத்தில், இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த புற்றுநோய் செல்களையும் சேர்த்து அடிக்கின்றன. எலிகளில், ஊசி போடாத இடத்துக் கட்டிகள்கூட அடங்கியிருக்கின்றன. புற்றுநோய் வந்த வளர்ப்பு நாய்களிலும் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. அருமையான வேலைதான், மறுக்கவில்லை. (வைரஸ் என்று ஒன்று உண்டு என்பதே 1890களில் புகையிலைத் தேமலை ஆராய்ந்தபோதுதான் பிடிபட்டது. புகையிலையால் விளைந்த ஒரே நன்மை!) ஆனால் மனிதர்களுக்கான மருந்தாக இது இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. தங்கள் செய்தியில் 'எலி' என்ற சொல் எட்டாவது பத்தியில் வருகிறது; எண்ணிப் பார்த்தேன்.

என் முட்டிக்கும் இதே கதி. 'தேய்ந்த மூட்டு மீண்டும் வளரும்' என்று முன்பு ஒருநாள் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். குருத்தெலும்பு வளர்ந்தது வயதான எலிகளுக்கு. மாடிப்படி ஏற முடியாத நானும் ஒரு ராத்திரி முழுக்க சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் 2024 அக்டோபரில் வெளியான, எடையைக் குறைக்கும் ஊசி மருந்தான செமாக்ளூடைடு பற்றிய ஆய்வு மனிதர்களிடமே நடந்தது. உடல் பருமனும் முட்டித் தேய்மானமும் உள்ள 407 பேரை 68 வாரம் கவனித்தார்கள். மருந்து ஊசி போட்டவர்களுக்கு, வெற்று ஊசி போட்டவர்களைவிட எடையும் வலியும் நன்றாகவே குறைந்தன. அதற்குத் தாங்கள் ஒதுக்கிய இடம், உள்பக்க மூலையில் நாலு வரி.

தலைப்பிலோ அதற்கு அடுத்த வரியிலோ, சோதனை யாரிடம் நடந்தது, எலியா, நாயா, மனிதரா என்று போட்டுவிடுங்கள். அது ஊசியா, சாப்பாடா என்பதையும் சேர்த்துவிட்டால் புண்ணியமாகப் போகும். சுவாரசியம் குறையும் என்று உதவி ஆசிரியர்கள் முனகலாம், முனகட்டும்.

அண்ணிக்கு அடுத்த கீமோ செவ்வாய்க்கிழமை. அக்காதான் கூடப் போகிறார். காராமணியில் பாதியை எனக்கே கொடுத்துவிட்டார். கத்தரிக்காய் சேர்த்துக் காரக்குழம்பு வைத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பெரம்பூர், சென்னை.