மெத்தைக் கடை பாய்க்கும் மற்ற எல்லோருக்கும்

மயிலாப்பூரில் நம் கச்சேரி அரங்கத்தின் கதவு மறுபடி திறந்தாகிவிட்டது. ஏன் மூடியது, யார் கைக்குப் போக இருந்தது என்பதெல்லாம் மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. பாக்கியைத் தவணையில் கட்டவிட்ட கட்டடச் சொந்தக்காரர், 110 நாற்காலிகளையும் பழுது பார்த்தவர்கள், மைக் ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்த பையன்கள், உண்டியலில் ஐம்பதும் நூறுமாகப் போட்டவர்கள், அத்தனை பேருக்கும் நன்றி.

மிச்ச இடமெல்லாம் மெத்தைக் கடை பாய்க்கு.

புதுப்பித்தபோது சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பார்க்க அழகு, பாடினால் பாழ். மிருதங்கத்தின் சாப்பு என்கிற கணீர் அடி பின்சுவரில் மோதித் திரும்பி, அடுத்த அடியின் மேலேயே விழுந்தது. மேடைக்கு மெத்தை இறக்க வந்த பாய் கையை ஒரு தட்டு தட்டிப் பார்த்து, "என்ன சார், கிணத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு?" என்றார். அப்போது தெர்மகோல், முட்டை அட்டை என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் எதிரொலியைச் சரியாக அடக்காது. தீப்பிடிக்க மட்டும் முந்தும்.

அதற்குப் பதில் சுவரில் மாட்டப் பஞ்சு அடைத்த சட்டங்களைப் பாய் செய்து கொடுத்தார். நாலடிக்கு இரண்டடி மரச்சட்டம், 2 அங்குல ஆழம், சட்டத்துக்கு ஒன்றரைக் கிலோ பருத்திப் பஞ்சு. சாணுக்கு ஒரு தையல் போட்டார். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் பஞ்சு முழுக்க அடியில் இறங்கிவிடும். தீத்தடுப்புக்கு 100 பங்கு தண்ணீரில் 7 பங்கு போராக்ஸ், 3 பங்கு போரிக் அமிலம் கரைத்து, பஞ்சையும் துணியையும் நனைத்துக் காயவைத்தாயிற்று. இலவம்பஞ்சு இதற்கு ஆகாது, தண்ணீரே ஏறாது. மேலே காடாத்துணி. வாய் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரவேண்டும். ரெக்சின் போட்டால் மறுபடி டைல்ஸ் கதைதான்.

சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலம் விட்டு மாட்டினால்தான் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கனத்த நாதம் ஓரளவாவது அடங்கும். பக்கச்சுவரில் எங்கே மாட்டுவது? ஒருவர் கண்ணாடியைச் சுவரோரம் நகர்த்த, நாற்காலியில் இருப்பவருக்குப் பாடகர் இடம் எங்கே தெரிகிறதோ, அங்கே. பின்சுவரில் 16, பக்கத்துக்கு 4, ஆக 24. அதற்கு மேல் வேண்டாம். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் பாடகர் கத்தத் தொடங்கிவிடுவார்.

பாய் பஞ்சுக்கும் துணிக்கும் மட்டும் காசு வாங்கினார், கூலியைத் தொடவில்லை.

மார்கழியில் பெரிய சபாக்களின் மாலை நேரம் பெயர் எடுத்தவர்களுக்குப் போய்விடும். மற்றவர்கள் பாடிப் பழக இந்த மாதிரி அரங்கம்தான் வேண்டும். மேடைக்குப் பாடுகிறவர்களிடம் பணம் கேட்கமாட்டோம். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. நமக்கு எட்டரைக்கே மங்களம். மாடி வீட்டுக்காரர்களின் பொறுமைக்கும் ஒரு கும்பிடு.

தை பிறந்ததும் 24 சட்டங்களையும் மொட்டை மாடியில் வெயில் காட்டவேண்டும். தண்ணீர் படக்கூடாது, பட்டால் தீத்தடுப்பு மருந்து கரைந்துவிடும். ஏணி பிடிக்க நாலு பேர் தேவை. வருகிறவர்கள் சொல்லிவிடுங்கள்.